பந்து முதலில் நாப்புக்கு

எங்கள் அமெரிக்க ஊரான கோகோமோவில் வெர்லின் நாப்பைத் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். மெத்தைக் கடை வைத்திருந்தான். மெத்தை வாங்க வந்தவர்களிடம் மெத்தையைத் தவிர எல்லாம் பேசுவான். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு அவன் பள்ளியில் ஆடிய கூடைப்பந்தில் போய் நிற்கும். அதே அணியில் நானும் இருந்தேன். ஆடினேன் என்று சொல்ல முடியாது. வளையத்துக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வெர்லினிடம் போன பந்து திரும்பி வந்ததில்லை.

தொப்பை விழுந்த பிறகு எங்கள் கூட்டம் கணினியில் கூடைப்பந்துக்கு மாறியது. ஆளுக்கு ஓர் அணி. ஆட்களைச் சேர்த்து, எப்படி ஆட வேண்டும் என்று உத்தரவு போடுவதோடு நம் வேலை முடிந்தது. யார் எங்கிருந்து எறிந்தான், விழுந்ததா என்பதைக் கணினியே கணக்குப் போட்டு வரிவரியாகக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பவுலிங் கூடத்தில் உட்கார்ந்து, பன்றி இறைச்சி சாண்ட்விச்சோடு முடிவுகளைப் பார்ப்போம். லீகை நடத்தியவள் ட்வைலா. பல் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பவள், யாருக்கும் பயப்படாதவள்.

அந்த ஆண்டு ட்வைலா வேடிக்கைக்காக ஒரு சலுகை கொடுத்தாள். ஒவ்வொருவரும் தன் பெயரில் ஓர் ஆட்டக்காரனைச் சேர்த்துக்கொள்ளலாம். திறமை மட்டும் சுமாராகத்தான் இருக்கும். நாங்கள் எங்களைச் சேர்த்து, பெஞ்சின் கடைசியில் உட்கார வைத்துச் சிரித்தோம். வெர்லின் தன்னை முதல் ஐவரில் இறக்கினான். உத்தரவும் அதற்கேற்றபடிதான்: எல்லாரும் தூரத்திலிருந்து எறிய வேண்டும், பந்து முதலில் நாப்புக்கு.

கணினி சொன்னதைச் செய்தது. நாப் எறிந்தான். எதிரணியில் இரண்டு பேர் மேலே விழுந்து மறைத்தபோதும் எறிந்தான். வெர்லின் அணியில் பிரிம் என்று ஒரு சென்டர், வளையத்துக்குக் கிட்டே நின்று ஆடுபவன், இருந்தான். வளையத்தடியில் அவனுக்கு இணையாக லீகில் ஆளில்லை. ஆனால் அவன் கைக்குப் பந்து வந்தால்தானே!

"யோவ், அந்த பிரிமுக்குக் கொடுத்துத் தொலையேன்," என்றாள் ட்வைலா. "அவன் போட்டா விழுது. நீ போட்டா சுவத்துல படுது."

"இந்த மிஷினுக்கு பாஸ்கெட்பால் தெரியல," என்றான் வெர்லின்.

"உனக்குத் தெரியும்னு நம்பி நீ சொன்னத செய்யுதே, அது தப்புதான்."

மேசையே சிரித்தது. வெர்லின் முகம் சிவந்துபோனது. அந்த வாரமே பிரிமை என்னிடம் தள்ளிவிட்டு, தூரத்திலிருந்து எறியும் இன்னொருவனை வாங்கிக்கொண்டான்.

பிரிம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வளையத்துக்குக் கிட்டே, உள்ளே ஆடு என்று உத்தரவு போட்டேன். தோற்றோம். வெளியே நின்று ஆடும் என் ஆட்களுக்குப் பந்தைக் கடத்தவும் தெரியவில்லை, எதிராளியைத் தாண்டி உள்ளே புகவும் தெரியவில்லை. பிரிம் சும்மா நின்றான், என்னைப் போலவே. பிறகு நன்றாகப் பாஸ் கொடுக்கும் ஒருவனைத் தேடிச் சேர்த்தேன். அதற்கப்புறம் பந்து உள்ளே போக ஆரம்பித்தது. போனது எல்லாம் விழுந்தது.

அரையிறுதியில் வெர்லினும் நானும் மோதினோம். ட்வைலாவின் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். நாப் தூரத்திலிருந்து, தவறு. நாப் தூரத்திலிருந்து, தவறு. பிரிம் வளையத்தடியில், விழுந்தது. பாதி ஆட்டத்திலேயே வெர்லினுக்கு மூச்சு வாங்கியது.

தோற்றதும் மேசையைத் தட்டினான். "இதுல ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கு. மறுபடி ஓட்டு."

"கணக்குல சேராது. ஆனா உன் ஆசைக்கு ஓட்டறேன்," என்றாள் ட்வைலா.

ஓட்டினாள். இன்னும் மோசமாகத் தோற்றான். "இன்னொரு தடவ," என்றான். அதிலும் தோற்றான். ஆட்டத்துக்கு ஆட்டம் எண்கள் மாறின; அவன் உத்தரவு மட்டும் மாறவில்லை.

"டேய், அந்த நாப்ப பெஞ்ச்ல உக்கார வச்சு ஒரு தடவ பாரேன்," என்றேன்.

என்னை ஏதோ அவன் தாயைத் திட்டியதுபோல் பார்த்தான். "பொறாமைடா உனக்கு. ஸ்கூல்லேர்ந்தே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். சாண்ட்விச்சை மட்டும் மறக்காமல் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டான்.

அடுத்த சீசனுக்கு அவன் பெயர் கொடுக்கவில்லை. ஆள் இல்லாத அணியைக் கணினியே நடத்தும். அதற்கு மானமும் கிடையாது, பள்ளிக்கூட ஞாபகமும் கிடையாது. திறமையைப் பார்த்து ஐந்து பேரை இறக்கும், யாரால் எது முடியுமோ அதைச் செய்யச் சொல்லும். வெர்லினின் பழைய அணி ஜெயிக்கத் தொடங்கியது.

இப்போதும் ஞாயிறுதோறும் பவுலிங் கூடத்துக்கு வருகிறான். எங்களோடு உட்காருவதில்லை. பக்கத்து மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவான். போன வாரம் திரும்பாமலேயே கேட்டான்.

"ட்வைலா, நாப் ஆடறானா?"

"பெஞ்ச்ல இருக்கான்."

"அடிபட்டுடுச்சா?"

"இல்ல வெர்லின். நல்லாத்தான் இருக்கான்."

அவன் கெட்ச்சப் பாட்டிலை எடுத்துத் தலைகீழாகத் தட்டினான்.