எஸ்தர் அக்காவின் தொண்டை

செய்தி வந்தபோது நான் எங்கள் ஷூ கம்பெனியின் கீழ்த்தளத்தில் ஒரு ஷூவின் குதிகாலில் சிவப்பு அம்பு ஒட்டக் கையை நீட்டியிருந்தேன். தையல் பிசகிய இடத்தைக் காட்டுகிற ஸ்டிக்கர் அது. மாடியில் தையல் மெஷின்கள் ஓடும் ஸ்டிச்சிங் ஹாலின் இரைச்சல் சட்டென்று நின்றது. கரண்ட் போய்விட்டதோ என்று அண்ணாந்து பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மின்விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தது. வேலை நேரத்தில் அந்த ஹால் தானாக நின்று நான் பார்த்ததே இல்லை. சற்று நேரத்தில், அங்கே தைக்கிற சாந்தி படியிறங்கி வந்தார்.

"சார், எஸ்தர் அக்கா போய்ட்டாங்க. காலைல கம்பெனி பஸ்ஸுக்குக் கெளம்பிக்கினு இருந்தாங்களாம். நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவங்க எழுந்திரிக்கவே இல்ல."

நான் அந்த அம்பை விரலிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் அது இன்னும் விரலில் இருப்பதைப் பார்த்தேன்.

எஸ்தர் அக்காவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆம்பூரில் அவரைத் தெரியாதவர்கள்கூட அவருடைய குரலைக் கேட்டிருப்பார்கள். எங்கள் கம்பெனியில் ஒரு வரிசைத் தையல் மெஷின்களை மேய்க்கிற லைன் சூப்பர்வைசர். ஹால் நிறைய மெஷின் ஓடும்போது கடைசி மெஷினில் இருப்பவளுக்கும் கேட்கிற மாதிரி பேசிப் பேசி, அவருக்கு மெதுவாகப் பேசுவது மறந்தே போய்விட்டது. இடது காதும் கொஞ்சம் மந்தம். வீட்டில் உப்பு கேட்டால் அடுத்த தெருவில் எடுத்து வைப்பார்கள் என்று அவர் மகன் கேலி செய்வான். என்னைவிட இளையவர்தான். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார்.

நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன். அவருடைய லைனிலிருந்து வருகிற ஜோடிகளில் நான் அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அவர் அந்த ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்தே சண்டையை ஆரம்பித்து, என் மேஜைக்கு வந்து சேரும்போது பாதிச் சண்டை முடிந்திருக்கும். "இந்த சார் கண்ணுக்கு நிலாவக் காட்டினாலும் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாரு" என்று ஒருநாள் கேன்டீன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அன்றிலிருந்து கம்பெனியில் எனக்கு 'நிலா சார்' என்று பெயர். வேலையில் சேர வந்த புதுப்பெண்கள் என் பெயரே அதுதான் என்று நினைத்தார்கள்.

இப்படிப்பட்ட எங்களை ஒரே ரயிலில் ஏற்றிவிட்டது இறகுப்பந்து. எங்கள் ஊரில் அதற்கு ஷட்டில் என்றுதான் பெயர். சாந்தியும் அக்காவின் லைனில் தைக்கிறவர். அவருடைய மகள் நிவேதா மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்து, பள்ளிக்கூடம் முடிப்பதற்குள்ளேயே சர்வதேச ஜூனியர் போட்டிகளில் ஆட ஆரம்பித்தாள். பெங்களூரில் ஒரு போட்டி என்று தெரிந்ததும் அக்கா லைன் பெண்களைக் கிளப்பிவிட்டார். ஆளுக்கு இரண்டு நாள் லீவு, ஆளுக்கொரு தூக்குச்சட்டி. பிறகு என் மேஜைக்கு வந்து, "சார், நீங்களும் வர்றீங்க" என்றார்.

"எனக்கு ஷட்டிலைப் பற்றி ஒன்றும் தெரியாதே" என்றேன்.

"எங்களுக்கு மட்டும் இன்னா தெரியும்? அந்தப் புள்ள இன்னா பண்ணாலும் எங்களுக்கு நல்லாத்தான் தெரியுது. கொறை சொல்றதுக்கு ஒரு ஆளு வேணாமா?"

அந்த அரங்கத்தில் நாங்கள் பார்த்த முதல் ஆட்டத்தைச் சொல்லியே ஆகவேண்டும். முதல் கேம் முடிந்தபோது எங்களில் ஒருவருக்கும் ஸ்கோர் தெரியவில்லை. எல்லோரும் ஆட்டக்காரர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். "வெள்ளை ஷூவுல முன்னால ரெட்டைத் தையல் போட்டுக்கீறாங்க பாரு" என்று ஒருத்தி. "நம்ம புள்ளையோட ஷூ வெறும் ஒட்டு. தையலே காணோம்" என்று இன்னொருத்தி. நானும் சும்மா இருக்கவில்லை. எங்கே அம்பு ஒட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். அக்காதான் முதலில் விழித்துக்கொண்டார். "ஏய், இன்னா பாக்குறீங்க எல்லாரும்? ஷிப்டு முடிஞ்சிபோச்சுடி. தலையத் தூக்குங்க!"

தலையைத் தூக்கினோம். நிவேதா சர்வீஸ் போடப் பந்தை விரல் நுனியில் பிடித்திருந்தாள். அரங்கமே மூச்சடக்கி இருந்த நேரம். "ஏறி அடி, நிவே!" என்று அக்கா விட்ட சத்தத்தில் நிவேதாவின் கையிலிருந்து பந்து கீழே விழுந்தது. நாற்காலியில் உயரமாக உட்கார்ந்திருந்த நடுவர் எங்கள் பக்கம் திரும்பி, சர்வீஸின்போது அமைதி காக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த சர்வீஸுக்கு நிவேதா பந்தைப் பிடித்த அதே நொடியில் எழுந்து நின்று, மனமார, "சாரி சார்!" என்றார். ஆட்டம் மறுபடியும் நின்றது. நான் தலையைக் குனிந்து திரும்பவும் ஷூக்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த ஆட்டத்தை எப்படியோ நிவேதா ஜெயித்தாள். அடுத்த நாள் அவளுக்கு எதிராக ஆட வந்த பெண் வெளிநாட்டிலிருந்து வந்தவள். சின்ன உருவம். அவளுக்கென்று கைதட்ட ஒரு ஆளும் இல்லை. அக்கா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு, "பாவம், அது தனியா வந்துகீது. நீங்க நாலு பேரு அந்தப் பக்கம் போய் உக்காந்து அதுக்குத் தட்டுங்க. சார், நீங்களும் போங்க" என்று வேலை பிரித்துக் கொடுத்தார். லைன் சூப்பர்வைசர் சொன்னால் போகத்தான் வேண்டும். போனோம். கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிற பழக்கம் எங்களுக்கு. ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண்ணின் பெயரையும் கற்றுக்கொண்டு உயிரைக் கொடுத்துக் கைதட்டினோம். அவள் ஜெயித்தேவிட்டாள். சாந்தி திரும்பும் ரயிலில் ஜோலார்பேட்டை வரைக்கும் எங்கள் ஐந்து பேரோடும் பேசவில்லை. அக்கா மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி புளிச்சோறு பரிமாறிக்கொண்டு, "கை தட்டினதுக்கே ஜெயிச்சிட்டான்னா, அவ கைல வித்தை இருக்குன்னு அர்த்தம். உம் பொண்ணு அதக் கத்துக்கினு வரட்டும்" என்றார்.

ஆனால் நிவேதா அதன் பிறகும் தோற்றாள். நாங்கள் போன போட்டிகளில் மட்டும் தோற்றாள். போகாத ஊர்களில் நன்றாக ஆடினாள். ஒருநாள் சாந்தி என் மேஜைக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், எஸ்தர் பெரிம்மா கொரல் கேட்டா கை நடுங்குதுன்னு நிவே சொல்லுது. ஊரே வந்து பாக்குற மாதிரி இருக்குதாம். அக்காகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? கொறை சொல்றது உங்க வேலதானே?"

அன்று மதியம் கேன்டீனில் சொன்னேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஜோடிகளை அவரிடம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருமுறைகூட நான் தயங்கியதில்லை. அன்று டீயை ஆற்றி ஆற்றி ஆறவைத்த பிறகுதான் வாயைத் திறந்தேன். அக்கா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "வரவே கூடாதுன்னு சொல்லுதா, கத்தக் கூடாதுன்னு சொல்லுதா?" என்று கேட்டார். குரலைப் பற்றித்தான் சொன்னாள் என்றேன். "அப்ப வர்றேன். வாய மூடிக்கினு வர்றேன்." அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அடுத்தது சென்னையில் போட்டி. அக்கா ஒரு பொட்டலம் கமர்கட்டோடு வந்து கேலரியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஆட்டம் ஆரம்பித்ததும் வாயில் ஒன்றைப் போட்டு அடக்கிக்கொள்வார். கரைந்தால் அடுத்தது. கன்னம் உப்பி, கண் பிதுங்கி, முழங்காலைக் குத்திக்கொண்டு, அந்த அம்மா பட்ட பாடு! நிவேதா முதல் சுற்றில் ஜெயித்தாள். இரண்டாவதிலும் ஜெயித்தாள். காலிறுதியும் முடிந்தது. அக்காவுக்குப் பல்வலி வந்துவிட்டது. எங்களுக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் அவர் பக்கம் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அரையிறுதி. மூன்றாவது கேம். நிவேதா நிறையப் பின்தங்கியிருந்தாள். இடைவேளையில் துண்டால் முகத்தைத் துடைத்தவள் அண்ணாந்து கேலரியை வரிசை வரிசையாகத் தேடினாள். கடைசி வரிசையில் அக்காவைப் பார்த்ததும், கையைக் குவித்துக் காதோரம் வைத்துக் காட்டினாள்.

அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். கமர்கட்டோடு குழறிக்கொண்டே, "சார், இன்னா சொல்லுது அந்தப் புள்ள?"

"உங்கள் சத்தம் கேட்கவில்லை என்கிறாள், அக்கா."

பாதி கரைந்த கமர்கட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு எழுந்தார். "நிவே! நாங்க இங்கதாண்டி கீறோம்!"

அத்தனை நாள் அடக்கிவைத்த குரல் அது. கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் கிளம்பிப் பறந்தன. நிவேதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஆடி, ஒவ்வொரு பாயிண்டாக எட்டிப் பிடித்து, சமன் செய்து, கடைசியில் ஒரு நூலிழையில் தோற்றாள். தோற்றவள் நேராகக் கேலரி படியேறி வந்து அக்காவின் மடியில் விழுந்தாள். "பெரிம்மா, நீங்கெல்லாம் லீவு போட்டுட்டு வர்றீங்க. நான் தோத்தா அது வேஸ்டாப் போயிடும்னு பயம். உங்க சத்தம் கேட்டா அந்தப் பயம் வந்துடும், அதான் கத்த வேணாம்னு சொன்னேன்."

அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அடிப்போடி இவளே! நீ ஆடலன்னா எங்களை யாருடி மெட்ராசுக்கு அனுப்புவான்? நீ ஜெயிச்சா ஒரு மேட்ச் ஜாஸ்தி பாப்போம், தோத்தா ஒரு மேட்ச் கம்மி. இதுக்குப் போய் பேஜார் பண்ணிக்கினு! இந்தா, கமர்கட்டு துன்னு."

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமே ஆகிவிட்டது. இடைவேளையில் நிவேதா காதில் கை வைப்பாள். அக்கா எழுந்து, நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று ஊருக்கே சொல்வார். சில போட்டிகளில் நிவேதா ஜெயித்தாள், சிலதில் தோற்றாள். நாங்கள் எல்லா ரயிலிலும் சாப்பிட்டுக்கொண்டே திரும்பினோம். சொல்லப்போனால் என் வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல காலம். ஒரு அம்பு ஒட்டவும் அதில் இடம் கிடையாது.

அக்காவை அடக்கம் செய்த அன்று நிவேதா ஏதோ ஒரு நாட்டில் ஆடிக்கொண்டிருந்தாள். போனில் கூப்பிட்டு அழுதாள். கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபம் சொல்ல, எங்கள் லைன் பெண்கள் அத்தனை பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள். அக்கா இருந்திருந்தால் அதற்கும் ஒரு அதட்டல் போட்டிருப்பார்.

போன வாரம் பெங்களூரில் நிவேதாவுக்குப் போட்டி. போவதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரே குழப்பம். அக்காவின் மகன்தான், "போங்க. டிக்கெட்டு போட்டு வெச்சதே அம்மாதான்" என்றான். போனோம். ரயிலில் அவருடைய சீட்டில் சாப்பாட்டுக் கூடையை வைத்தோம். அவர் இருந்திருந்தாலும் கூடை அங்கேதான் இருந்திருக்கும், அவர் மடியில்.

எஸ்தர் அக்கா விட்டுப்போனதில் என் பங்குக்கு எது வந்தது என்று சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று தெரிந்தது. இடைவேளையில் நிவேதா பழக்கத்தில் அண்ணாந்து பார்த்துக் காதில் கை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். கை அப்படியே நின்றது. எங்கள் வரிசையில் ஒருவருக்கும் குரல் எழும்பவில்லை. சாந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து நின்றேன். வீட்டில்கூட உரக்கப் பேசாதவன் நான். பிறத்தியார் வீட்டுப் பெண்ணை 'டி' போட்டு அழைத்ததில்லை. எனக்குத் தொண்டை திறப்பதற்குள் இடைவேளை முடிந்து, நிவேதா சர்வீஸுக்குப் பந்தைப் பிடித்துவிட்டாள். அரங்கம் மூச்சடக்கி இருந்தது.

"நிவே! நாங்க இங்கதாண்டி கீறோம்!"

குரல் பாதியில் உடைந்தது, ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டது. பந்து கீழே விழுந்தது. நிவேதா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டும்தான். நடுவர் எங்கள் பக்கம் திரும்பி என்னை அமைதியாக இருக்கச் சொன்னார். அறுபது வயதை நெருங்கும் எனக்கு அதை ஒருவர் சொல்வது அதுதான் முதல் தடவை. எனக்கு வந்த சந்தோஷத்தை அடக்க முடியவில்லை.

நிவேதா மறுபடியும் சர்வீஸுக்குப் பந்தைப் பிடித்த அதே நொடியில், "சாரி சார்!" என்றேன். ஆட்டம் மறுபடியும் நின்றது.