தீப்பெட்டிப் பட்டையால் தேய்த்த பிளக்குகள்

“ஏட்டி, நீ படிக்கப்போறது காகிதத்துல ஓடுத இன்ஜினு. அதுக்கு மேடும் கெடையாது, பள்ளமும் கெடையாது.”

ஆட்டோமொபைல் டிப்ளமோவில் நான் சேர்ந்த அன்று சித்தப்பா இப்படிச் சொன்னார். படிப்பை முடித்து ஊருக்கு வந்தபிறகும் இதையே சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் வாயால் சொல்கிற பதில் எதுவும் அவரிடம் எடுபடாது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரே ஆட்டுமந்தை வைத்திருக்கிறார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா எங்கள் வீட்டுக்கு விருந்தாளி மாதிரிதான் வருவார். கரிசலில் அறுப்பு முடிந்து தரை வெடித்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு இரண்டு பேரும் மேற்கே நெல்வயல் பக்கம் போய்விடுவார்கள். அங்கே ராத்திரி வயலுக்குள் ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். வயல்காரர் அதற்கு நெல் தருவார். ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயல். இப்படியே மாதங்கள் போகும். எப்போதாவது அப்பா பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால், நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். “உங்கப்பாதான்ட்டி, வா” என்று அம்மா கையைப் பிடித்து இழுப்பாள்.

அதை மாற்றியது ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி. நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது அப்பா அதை வாங்கினார். புதிதாகப் பிறந்த குட்டிகள், கிடைக்கான தட்டிகள், தண்ணீர் டிரம் எல்லாம் அதில் போயின. அதைவிடப் பெரிய விஷயம், அண்ணனும் தம்பியும் முறை வைத்து மந்தையோடு படுக்க முடிந்தது. ஒருவர் கிடையில் இருந்தால் மற்றவர் வண்டியில் வீடு வந்தார். நான் பரீட்சைக்குப் படிக்கும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்து தெரியாத கண்ணால் என் புத்தகத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிஸ்டன் படத்தைப் பார்த்து, “இது நம்ம ஒரலு ஒலக்கை மாதிரில்லா இருக்கு” என்றார் ஒருநாள். நான் அதை வகுப்பில் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

அந்த வண்டிக்குத்தான் போன வருஷம் சீக்கு வந்தது. சும்மா நிற்கும்போது ஒழுங்காக ஓடும். பாரம் ஏற்றி ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசிக்கும். பிறகு திக்கித் திக்கிக் குலுங்கும். அப்புறம்தான் நகரும். கண்மாய்க் கரை மேட்டில் ஒருநாள் அந்த யோசனை நீண்டு, ஆடுகளோடு பின்னால் உருண்டது. அப்பா பிரேக்கில் ஏறி நின்றார். பின்னால் நடந்து வந்த அம்மா ஒரு கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் போட்டாள். சினையாடு ஒன்று கால் இடறி விழுந்து எழுந்தது.

சித்தப்பா மறுநாளே வண்டி வாங்குகிற ஆளைக் கூட்டிவந்தார். வந்தவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “உசுரு போச்சு அண்ணாச்சி. வெள்ளிக்கெழம வந்து கெட்டி இழுத்துட்டுப் போறேன்” என்றார். அப்பா தலையாட்டினார். வேறு வண்டி வாங்குவதற்கு வழி இல்லை. இந்தக் கோடைக்கு அண்ணனும் தம்பியும் பழையபடி நடந்தே மேற்கே போவது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலையில் அம்மா, அப்பா கிடையில் போர்த்திக்கொள்கிற பழைய கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடியில் வெயிலுக்குப் போட்டாள். உதறிவிட்டு, அதன் ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

“யப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள நான் ஒரு தடவ பாத்துக்கிடட்டுமா?” என்றேன்.

“பாரு தாயி. நானும் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். போன வாரங்கூட பிளக்க எல்லாம் கழத்தித் தேச்சுப் போட்டேன்.”

“எத வச்சுத் தேச்சீங்க?”

அப்பா சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் காட்டினார். குச்சி உரசுகிற பக்கத்தை விரலால் தட்டினார். பழைய மொபெட் வைத்திருந்த காலத்தில் வந்த பழக்கம். மொபெட் நின்றால், பெட்ரோலைக் கொளுத்தப் பொறி தருகிற பிளக்கைக் கழற்றி, தீப்பெட்டிப் பட்டையில் தேய்த்து, பெட்டியின் அட்டையைக் கிழித்து முனையில் உள்ள இரண்டு கம்பிகளுக்கு நடுவே செருகி, அந்த அட்டை இடிக்கிற அளவுக்கு இடைவெளியைத் தட்டி வைப்பார். அது ஓடிவிடும். எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் செய்வார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஆபீசிலிருந்து வந்த கழிவுப் பெட்டிகள் குவிந்து கிடக்கும்போது உப்புத்தாளை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

“மாசம் தவறாம வண்டிக்குப் பல்லு வெளக்கி விடுதாவ உங்கப்பா. அவிய பல்ல வெளக்குனாவளான்னுதான் தெரியல” என்றாள் அம்மா.

வேப்பமர நிழலில் வண்டியின் சீட்டைத் தூக்கினேன். அதற்கு அடியில்தான் இன்ஜின். அப்பாவின் பழைய ஸ்பேனரால் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நடுக்கம்பியின் முனை தட்டையாக, ஓரம் கூராக இருக்க வேண்டும். இது சோப்புத் துண்டு கரைந்த மாதிரி உருண்டு தேய்ந்திருந்தது. இடைவெளி ஒன்றில் அகலம், ஒன்றில் நெருக்கம். நான்கும் நான்கு விதம். பாரம் இல்லாதபோது பொறி எப்படியோ தாண்டிவிடும். மேட்டில் இன்ஜின் முக்கும்போது தாண்டாது. அங்கேதான் அது யோசிக்கிறது என்று நினைத்தேன். பிளக் இல்லையென்றால் வேறு எதைப் பார்ப்பதென்று எனக்குத் தெரியாது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பழைய பிளக் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு, அதன் குழியை வேறொரு துணியால் அடைத்துவிட்டு, கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். உதிரிபாகக் கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் யாரோ வருவதுபோல எட்டிப் பார்த்தார்.

“மெக்கானிக் அனுப்புனாராம்மா?”

“மெக்கானிக் நாந்தான் அண்ணாச்சி.”

அவர் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓரத்துல என்ன இது, தவிட்டு நெறத்துல?”

“தீப்பெட்டி மருந்து.”

“நல்லா இருக்கே கத! வண்டிய ஓட்டப் பாத்தீயளா, கொளுத்தப் பாத்தீயளா?” என்று சிரித்துக்கொண்டே புதுப் பிளக்குகளை எடுத்து வைத்தார். எனக்கென்று ஒரு பிளக் ஸ்பேனரையும் கேட்டேன். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் வேலையை ஆரம்பித்தேன். பிளக் குழிகளில் கரிசல் புழுதி மாவாகப் படிந்திருந்தது. அது சிலிண்டருக்குள் விழுந்தால் புதுச் சீக்கு. அதனால் பழைய பிளக்குகளைக் கழற்றுவதற்கு முன்னால் சைக்கிள் பம்பை வைத்து ஒவ்வொரு குழியையும் ஊதினேன். அப்பா பம்பை அடித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைப் பிடித்தேன். இரண்டு பேர் முகமும் கறுத்துப்போயிற்று. புதுப் பிளக்கை முதலில் விரலால்தான் திருக வேண்டும். மரை சரியாகப் பிடித்த பிறகுதான் ஸ்பேனர். நான்கையும் மாட்டி, வயர்களைச் செருகி, சாவியைத் திருப்பினேன்.

வண்டி முன்னைவிட மோசமாகக் குலுங்கியது.

“பாத்தியாண்ணே, காகித இன்ஜினக் கொண்டாந்து மாட்டிட்டா” என்றார் சித்தப்பா. அம்மா கொடியில் கிடந்த கம்பளியைப் பார்த்தாள்.

வண்டியை அணைத்தேன். மூளை வரிசையாக யோசித்தது. பிளக் புதுசு. நான் தொட்டது வேறு என்ன? வயர்கள். ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். மூன்றாவது ஆடியது. முழுக்க உட்காரவில்லை. அழுத்தினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். மறுபடி சாவியைத் திருப்பியபோது இன்ஜின் ஒரே சீராக முனகியது. அப்பா சீட்டின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி.

“ஆட்ட ஏத்துங்க” என்றார்.

வண்டி கொள்கிற மட்டும் ஆடுகளை ஏற்றினார்கள். அப்பா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்மாய்க் கரை மேட்டின் அடியில் அம்மா முன்பு போட்ட அதே கல்லைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றாள். அப்பா மிதித்தார். வண்டி யோசிக்கவில்லை. ஆடுகள் கத்தக் கத்த ஒரே மூச்சில் ஏறிக் கரைமேல் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அம்மா கல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

கரைமேல் இன்ஜினை அணைத்துவிட்டு அப்பா கேட்டார், “தாயி, நான் தேச்சுத்தான் கெடுத்துட்டேனா?”

அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. “கொஞ்சம் அதுவுந்தான்ப்பா. ஆனா தேய்க்காட்டியும் பிளக்கு தேஞ்சுதான் போகும். நீங்க தட்டித் தட்டி வச்சதுலதான் இத்தன நாளு நம்மள வீட்டுக்குக் கொண்டாந்து சேத்திருக்கு.”

அவர் தீப்பெட்டியை எடுத்துப் பார்த்தார். ஒரு பீடியைப் பற்றவைத்துவிட்டு, “இனி இது இதுக்கு மட்டுந்தான்” என்றார்.

வண்டி வாங்குகிற ஆளுக்குச் சித்தப்பாதான் போன் போட்டு வர வேண்டாம் என்றார். “எங்க வீட்டு மெக்கானிக் சரிபண்ணிட்டா” என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவர் அதை என்னிடம் நேரே சொல்லவில்லை. பரவாயில்லை.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மந்தை கழுகுமலையையும் தாண்டி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. கிடையில் கண்விழித்த அலுப்போடு அப்பா அவ்வளவு தூரம் தனியாக ஓட்டி வருவது சரியில்லை. அதனால் நான் பழகுநர் உரிமம் எடுத்துவிட்டேன். ஆபீசில் மிஞ்சிய சிவப்பு லேபிள் தாளை அம்மா ‘L’ வடிவில் வெட்டினாள். அது எந்த எழுத்தென்று அவளுக்குத் தெரியாது. நான் வரைந்து கொடுத்த கோட்டிலிருந்து கத்தரி துளியும் விலகவில்லை. நேற்று அதைக் கண்ணாடியில் ஒட்டி, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கழுகுமலை ரோட்டில் வண்டியை நான் எடுத்தேன்.