எதிர்வீட்டில் கரண்ட் இருக்கிறதா?

எங்கள் மந்தைவெளி அபார்ட்மென்ட்டில் அடுத்த ஃப்ளாட் கார்த்திக், போன மாதம் வேறொரு நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டார். விசா, விமானம் எதுவும் கிடையாது. உட்கார்ந்த இடத்திலேயே.

அது இணையத்தில் மட்டும் இருக்கிற நாடு. எல்லை இல்லை, ராணுவம் இல்லை, தேர்தல் ஸ்பீக்கர் சத்தம் இல்லை. கீதம் உண்டு – டியூன்தான் இனிமேல் போட வேண்டுமாம்.

"தேசம்ங்கறதே பழைய மாடல் மாமா. பொறந்துட்டோம்ங்கறதுக்காக ஒரே எடத்தோட ஒட்டிண்டு இருக்கணுமா? மனசு ஒத்தவா சேர்ந்தா அதான் நாடு" என்று லிஃப்ட்டில் வகுப்பெடுத்தார். தலையாட்டினேன். லிஃப்ட்டில் வேறென்ன செய்ய முடியும்?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்த்திக்குக்கு எதிர்வீட்டு டெய்லர் பாஷா பாயோடு மனசு ஒக்கவில்லை. பாயின் ஸ்கூட்டர் எங்கள் கேட்டை மறைக்கிறது என்று தகராறு. மாதக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது.

இந்த ஞாயிறு மத்தியானம் கரண்ட் போனது. கரண்ட் போனால் நாம் முதலில் என்ன செய்வோம்? ஃபியூஸையா பார்ப்போம்? பால்கனிக்கு ஓடி, எதிர்வீட்டிலும் போய்விட்டதா என்று பார்ப்போம். போயிருந்தால் ஒரு நிம்மதி. இந்த அல்ப சந்தோஷத்தைத்தான் தேச ஒற்றுமை என்கிறார்களோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

எதிர்வீட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எரிச்சலோடு திரும்பினால், பக்கத்து பால்கனியில் கார்த்திக். முகம் வெளுத்திருந்தது. அவர் அம்மாவுக்கு நுரையீரல் கோளாறு. ஆக்ஸிஜன் மெஷின் நிற்கவே கூடாது.

"இன்வெர்ட்டர் அரை மணிகூடத் தாங்காது மாமா..."

புது நாட்டின் க்ரூப்பில் சொல்லியிருக்கிறார். உலகம் முழுவதிலிருந்தும் கூப்பிய கை எமோஜிகள் வந்து குவிந்தபடி இருந்தன. பழைய நாட்டுக்கும், அதாவது ஈ.பி. ஆபீசுக்கும், போன் போட்டார். "ஆளு வந்துக்கினே கீறாரு சார்" என்று பதில்.

அப்போது பாயின் மனைவி நூர்ஜஹான் பால்கனிக்கு வந்தார். அவரும் எட்டிப் பார்க்கத்தான் வந்திருப்பார்.

"இன்னா தம்பி, உங்க பக்கம் கரண்ட் இல்லியா? அம்மாக்கு மிஷின் ஓடுதா?"

"இன்னும் கொஞ்ச நேரம்தான் ஓடும்" என்றார் கார்த்திக்.

அடுத்த நிமிடம் பாயே வந்துவிட்டார். எக்ஸ்டென்ஷன் ஒயரைத் துணி உலர்த்துகிற கம்பு நுனியில் கட்டி, சந்துக்குக் குறுக்கே நீட்டினார். எங்கள் சந்து அவ்வளவு அகலம்தான். கார்த்திக் எட்டிப் பிடித்தார். சாயங்காலம் கரண்ட் வரும்வரை அம்மா பாய் வீட்டு மின்சாரத்தில் மூச்சு விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

"தேங்க்ஸ் பாய். அந்த ஸ்கூட்டர் விஷயம்..." என்று இழுத்தார் கார்த்திக்.

"அது தனி தம்பி. வண்டிய அங்கதான் வுடுவேன். நாளைக்கு வா, சண்டை போட்டுக்கலாம்."

தேசத்துக்கு மாற்று தேடுகிறவர்கள் தாராளமாகத் தேடட்டும். எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் – நமக்குப் பிடிக்காத ஆளும் அங்கே ஒயர் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.