அடுப்போரம் காய்ந்த பூட்ஸ்

என் கைக்கடிகாரக் கடைக்கும் பக்கத்து பூட்ஸ் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே இருமினால் இங்கே கேட்கும்; பலகை இடுக்கில் பார்த்தால் நடப்பதும் தெரியும். பூட்ஸ் கடைக்காரருக்குத் தெருவில் 'பொறுமை அண்ணன்' என்று பெயர். மலையேறுகிறவர்களும் வேட்டைக்குப் போகிறவர்களும் அவரிடம்தான் வருவார்கள். வந்தவரை லேசில் விடமாட்டார்.

"காலைல வந்து பூட்ஸ் வாங்காதீங்க. நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கினப்புறம் சாயங்காலமா வாங்க. தடிச்ச சாக்ஸ் போட்டுட்டு வாங்க" என்பார். சாய்வுப் பலகையில் இறங்கி நடக்கச் சொல்வார். விரல் முன்னால் முட்டினால் எவ்வளவு கெஞ்சினாலும் அந்த ஜோடி கிடைக்காது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நான் கேலி செய்வேன். நனைந்த பூட்ஸைப் பற்றி அவர் சொல்வது எனக்கே மனப்பாடம்: உள்ளே காகிதம் திணி, நிழலில் காற்றாட வை, இரண்டு நாள் பொறு, பிறகு மெழுகு பூசு. நெருப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும், அடிப்பசை விட்டுப்போகும்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு முறை அவசரப்பட்டார். அவருடைய தங்கை கணவன் வேட்டைக்காரன். மழையில் ஊறிய பூட்ஸைக் கொண்டுவந்து போட்டு, "நாளைக்குக் காலைல மலைக்குப் போறேன் மச்சான், எப்படியாவது காயவெச்சுக் குடுங்க" என்றான். இவர் பின்னறை அடுப்போரம் வைத்தார். கருகிய தோல் வாசனை எனக்கும் வந்தது. நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன், அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. காலையில் வெடிப்புகள் மேல் மெழுகை அப்பி, மறைத்துக் கொடுத்தனுப்பினார்.

நாலாம் நாள் அவனைப் பள்ளத்திலிருந்து பிணமாகத் தூக்கி வந்தார்கள். வலது பூட்ஸின் அடி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்துத் தங்கை அதே பூட்ஸோடு கடைக்கு வந்தாள்.

"அடியத் தெச்சு, மெழுகு போட்டுக் குடுண்ணா. அவரோடது, வீணாப் போகக் கூடாது."

அடுத்த மாதமும் வந்தாள். மெழுகு போடச் சொல்லி மாதம் தவறாமல் வந்தாள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பூட்ஸுக்குள் செத்தவனின் கால்விரல்கள் பதிந்த குழிகள் ஐந்தும் அப்படியே இருந்தன.

"கைய விட்டா உள்ள சூடா இருக்குப்பா, இப்பத்தான் கழட்டின மாதிரி" என்றார் என்னிடம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆள் துரும்பாக இளைத்துவிட்டார். "தங்கச்சிகிட்ட சொல்லிடுங்களேன்" என்றேன்.

"எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். சொன்னா அவளும் இல்ல" என்றார்.

ஏழாவது மாதம் பூட்ஸில் கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நான்தாம்மா அடுப்போரம் வெச்சேன். வெடிச்சது தெரிஞ்சும் மெழுகு பூசிக் குடுத்தேன்."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அழுகை கேட்கும் என்று நினைத்தேன்.

"தெரியும்ண்ணா. அவரத் தூக்கிட்டு வந்தன்னைக்கே பாத்தேன். உன்கூட வளந்தவளுக்குக் கருகின தோல் தெரியாதா? நீயாச் சொல்லணும்னுதான் மாசாமாசம் கொண்டு வந்தேன். உனக்கு ஏழு மாசம் ஆச்சு."

பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். எட்டாவது மாதம் வந்தது. ஒன்பதாவதும் வந்தது. அவள் வரவில்லை.