பால்கனிக்குத் துரத்தப்பட்ட அலாரம்

வீட்டுக்குள் நுழைந்ததும் பீப் அக்கா சுவரைப் பார்ப்பதில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் இரண்டாவது இழுப்பறையைத் திறக்கிறார். மெழுகுவத்தி, ரப்பர் பேண்டு, எழுதாத பேனா, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி எல்லாவற்றுக்கும் நடுவே அது மல்லாந்து கிடக்கும், பேட்டரி பிடுங்கப்பட்டு. அங்கே இல்லையென்றால் மூன்றாவது இழுப்பறை. அதிலும் இல்லையென்றால் துணி அலமாரியில், கம்பளிக்கு அடியில்.

"கத்திக்கிட்டே இருந்துச்சுங்க" என்பார் வீட்டுக்காரர், சற்று நெளிந்தபடி.

"கத்துறதுக்குத்தானே வாங்குனீங்க."

இருபது வருடமாக வீடு வீடாகப் போய் கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்துவதும், பொருத்தியது மக்கர் செய்தால் போய்ப் பார்ப்பதும்தான் அவர் தொழில். வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரோ கணப்போ சரியாக எரியாவிட்டால், அல்லது அதன் புகைக்குழாய் அடைத்துக்கொண்டால், கிளம்புகிற விஷவாயு அது. நிறமில்லை, வாசனையில்லை, கண் எரியாது, இருமல் வராது. தலை வலிக்கும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சுவரில் மாட்டிய அந்த வெள்ளைப் பெட்டி ஒன்றுக்குத்தான் அது தெரியும். "உங்க மூக்கு, என் மூக்கு, நாய் மூக்கு, எதுக்கும் தெரியாது. இதுக்குத் தெரியும். இத வாயப் பொத்தி இழுப்பறையில போட்டு வச்சிருக்கீங்க."

பீப் அக்கா என்பது அலாரச் சத்தத்தால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். வயது ஐம்பத்தொன்று. இரண்டு பை வைத்த ஆம்பளைச் சட்டை, தோளில் மடக்கு ஏணி, காலரில் கவ்வியிருக்கும், அந்த வாயுவை அளக்கும் மீட்டர். யாராவது காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், "முதல்ல ஜன்னலத் திறங்க, அப்புறம் கேளுங்க" என்கிறார். மீட்டர் பூஜ்யம் காட்டாத வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

கருவி கையில் கிடைத்ததும் செய்கிற முதல் வேலை அதைக் கவிழ்த்து முதுகைப் படிப்பது. அங்கே தேதி அச்சிட்டிருக்கும். ஏழு வருடமோ பத்து வருடமோ, அதற்கு மேல் அது வெறும் பிளாஸ்டிக். பளபளவென்று துடைத்து, பச்சை விளக்கு எரிகிற ஒன்றைப் பெருமையாகக் காட்டினார் ஒரு பெரியவர். அக்கா முதுகைப் படித்துவிட்டு, "இது செத்து நாலு வருஷம் ஆச்சு. இதுதான் உங்களக் காவல் காக்குதா?" என்றார். பெரியவர் முகம் வாடிவிட்டது. வாடட்டும் என்று ஏணியை விரித்துவிட்டார்.

மற்றபடி அவர் மக்களுக்குக் கற்றுக்கொடுக்க நினைப்பது ஒரே ஒரு பாடம். மேசையைப் பேனாவால் தட்டிக் காட்டுவார். நிமிடத்துக்கு ஒரு முறை ஒற்றையாகக் 'கீச்' என்றால் பேட்டரி தீர்கிறது. நான்கு முறை அடுத்தடுத்து அலறி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி நான்கு அலறினால் விஷவாயு. "ஒண்ணு அடிச்சா கடைக்குப் போங்க. நாலு அடிச்சா வெளிய போங்க." தலையாட்டுவார்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் பேட்டரி இழுப்பறையில் இருக்கும், அல்லது டிவி ரிமோட்டில் இருக்கும்.

அவர் பார்த்த கோலங்களைச் சொன்னால் பொழுது பத்தாது. பெயிண்டர் சுவரோடு சேர்த்து வெள்ளையடித்து மூடியது. விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாதென்று திரைக்குப் பின்னால் மாட்டியது. குளியலறை வாசலில் வைத்துவிட்டு நீராவிக்கெல்லாம் அடிக்கிறது என்று புகார் செய்தது. வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று ஒருவர் அதன் முகத்தில் சிகரெட் புகையை ஊதிக்கொண்டே இருந்தார். அது புகைக்கான கருவி இல்லை என்று அக்கா சொன்னதற்கு, "அப்ப எதுக்குங்க இது?" என்று கேட்டார். அந்த வீட்டில் ஏணியை எடுத்து வைக்கும்போது கதவில் இடித்தது, தவறுதலாக இல்லை.

அலுவலகத்தில் அவர் பெயரில் ஒரு தடித்த கோப்பு இருக்கிறது. எல்லாம் வாடிக்கையாளர்கள் எழுதியவை. 'மரியாதைக் குறைவு', 'குரலை உயர்த்தினார்', 'என் கணவரை மண்டு என்றார்.' மேலாளர் நல்ல மனிதர். கொஞ்சம் சிரித்துப் பேசக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தார். "சிரிச்சுக்கிட்டே சொன்னா சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க சார்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த முகவரிச் சீட்டை எடுத்துக்கொண்டார்.

இத்தனை கோபத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று தெரிந்தவர்கள் தாங்களாகவே கதை கட்டியிருக்கிறார்கள். தம்பி போய்விட்டானாம், இந்த வாயுவில்தானாம். அப்படி எதுவும் கிடையாது. தம்பி குண்டுக்கல்லாக இருக்கிறார், பேருந்து ஓட்டுகிறார். ஒரு பெண்மணி அந்தக் கதையை நம்பி அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னபோது அக்கா கையை உருவிக்கொண்டார். "கோபப்படுறதுக்கு நம்ம வீட்ல ஒருத்தர் சாகணுமா?"

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு, நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடிக்கு அவர் ஏறினார். மாடிக்கு ஒரு வீடு. கூப்பிட்டவர் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். இரண்டு மாதத்துக்கு முன் பொருத்திய அலாரம் பழுது, மாற்றித் தர வேண்டும் என்பது புகார்.

அக்கா வழக்கம்போல் இழுப்பறையை நோக்கிப் போக, வாத்தியார் சிரித்தார். "அங்க இல்லீங்க. பால்கனியில இருக்கு."

பூந்தொட்டிகளுக்கு நடுவே, மழை படாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பா கவிழ்த்து, அதை வைத்திருந்தார்கள்.

"அதுக்கு வீட்டுக்குள்ள ஒத்துக்கல" என்றார் வாத்தியார். "நான் சும்மா சொல்லல. சோதிச்சுப் பார்த்துட்டேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, ஒன்பது முறை உள்ளே, ஒன்பது முறை வெளியே, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்திருந்தார். உள்ளே கொண்டுவந்து வைத்தால் அரைமணிக்குள் அலறும். பால்கனியில் வைத்தால் கப்சிப். ஒன்பதுக்கு ஒன்பது. "உள்ள இருக்குற ஈரப்பதம்தான் காரணம். சென்சார் மட்டம்."

அக்கா கூடத்துக்குள் வந்து தாளைப் பார்த்தார். பிறகு காலரில் இருந்த மீட்டரைப் பார்த்தார். நடைவழியில் பூஜ்யமாக இருந்தது இப்போது முப்பத்தெட்டு.

"பாய்லர் ஓடுதா?"

"காலையிலேர்ந்து ஓடுது. அவளுக்குக் குளிருதுன்னா."

அவள் என்பது வாத்தியாரின் மனைவி. சமையலறையை ஒட்டிய அறையில், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏழு மாத வயிறு. நெற்றியில் ஈரத்துணி. அந்த அறை வாசலில் மீட்டர் நூற்றுப் பத்து காட்டியது.

"தலவலியாம்மா?"

"மூணு வாரமா இருக்கு. வாந்தியும். இந்த மாசத்துல அப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்க."

"அம்மா வீட்டுக்குப் போனா மட்டும் உடனே சரியாயிடுதுங்க" என்றார் வாத்தியார் பின்னாலிருந்து. "ரெண்டு தடவை போனா, ரெண்டு தடவையும் ஜம்முனு ஆயிட்டா. இங்க வந்ததும் திரும்ப ஆரம்பிச்சிடுது. அம்மா வீட்டு வியாதின்னு என் கூடப்பொறந்த அக்கா பேரு வச்சிருக்கா." அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

பீப் அக்கா அந்தத் தாளை நான்காக மடித்து அவர் கையில் திணித்தார். "அது உள்ள வந்தா கத்துது, வெளிய போனா சும்மா இருக்கு. இவங்க உள்ள வந்தா தலவலி, வெளிய போனா சரியாயிடுது. ரெண்டும் ஒரே விஷயத்தத்தான் சொல்லியிருக்கு. அதத் தூக்கி பால்கனியில வச்சீங்க. இவங்களுக்குக் கிண்டல் பேரு வச்சீங்க. நீங்க என்ன பாடம் நடத்துறீங்கன்னு சொன்னீங்க?"

வாத்தியார் தாளை மறுபடி விரித்தார். அக்கா அதற்குள் பாய்லரை அணைத்து, கேஸ் வால்வை மூடி, கைக்கு எட்டிய ஜன்னலையெல்லாம் அறைந்து திறந்துவிட்டிருந்தார். மனைவியைத் தோளில் தாங்கிப் படியிறக்கினார். கீழே டாக்ஸியில் இருவரையும் ஏற்றிவிட்டு, வாத்தியாரின் சட்டையைப் பிடித்து வண்டி ஜன்னல் பக்கம் இழுத்தார். "நல்லாக் கேளுங்க. ஆஸ்பத்திரியில விரல்ல ஒண்ணு மாட்டிப் பார்த்துட்டு ஆக்சிஜன் நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க. அத நம்பித் திரும்பி வந்துடாதீங்க. அந்த மெஷினுக்கு ஆக்சிஜனுக்கும் இந்த வாயுவுக்கும் வித்தியாசம் தெரியாது. கார்பன் மோனாக்சைடு, ரத்தம் எடுத்துப் பாருங்கன்னு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

திரும்ப மேலே ஏறி ஏணியைச் சமையலறையில் விரித்தார். புத்தம்புது ஃபால்ஸ் சீலிங். அழகுக்காகப் போட்டது, வட்ட வட்டமாக விளக்கு. பாய்லரின் புகைக்குழாய் அதற்குள் மறைந்து போயிருந்தது. ஒரு பலகையை நெம்பித் தள்ளி டார்ச் அடித்தார். சீலிங் போட்டவன் சட்டத்துக்கு இடம் பண்ணக் குழாயைத் தள்ளியிருக்கிறான். இணைப்பு கழன்று மூன்று விரல் இடைவெளி. அதைச் சுற்றிப் பலகையெல்லாம் கரி. வெளியே போக வேண்டியது அத்தனையும் மூன்று வாரமாக வீட்டுக்குள்.

தரைத்தளத்தில் குடியிருக்கும் கட்டட உரிமையாளர் படியேறி வந்தபோது அக்கா வால்வில் 'திறக்காதீர்' என்ற சிவப்பு அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். கேஸ் நிறுவனத்துக்குத் தகவல் போயாயிற்று. உரிமையாளர் சலவைச் சட்டைக்காரர், மெதுவாகப் பேசுபவர்.

"எதுக்கும்மா இவ்வளவு ஆர்ப்பாட்டம். மெஷின் கோளாறுன்னு வாத்தியாரே சொன்னாரே. அப்படியே எழுதிடுங்களேன், மாத்திக் குடுத்துட்டாப் போச்சு."

"ஏணியில ஏறிப் பாருங்க."

"எனக்கு முட்டி வலி."

அக்காவின் கைப்பேசி அடித்தது. வாத்தியார். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "ரத்தத்துல பதினெட்டு சதவீதம்னு சொல்றாங்க. ரெண்டுக்கு மேல இருக்கக்கூடாதாம். மாஸ்க் வச்சிருக்காங்க. குழந்தைக்குத் துடிப்பு இருக்கு. ஆனா இப்ப எதுவும் சொல்ல முடியாதுங்கறாங்க." பின்னால் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது. "நான் ஒழுங்காத்தாங்க சோதிச்சேன். ஒன்பது தடவை."

நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அக்கா அதை விழுங்கிக்கொண்டார். "போன வச்சுட்டுப் போய் அவங்க பக்கத்துல உக்காருங்க" என்றார்.

உரிமையாளரிடம் அந்தப் பதினெட்டு சதவீதத்தைச் சொன்னார். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடவுள் புண்ணியம், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்றார்.

"இந்தச் சீலிங் வேற எந்தெந்த வீட்ல போட்டீங்க?"

"ஒண்ணாவது, ரெண்டாவது, நாலாவது. எல்லாத்துலயும்தான். ஒரே ஆளு, ஒரே வாரத்துல முடிச்சான்."

"உங்க வீட்ல?"

"எனக்கு அதெல்லாம் பிடிக்காதும்மா. வாடகைக்கு வர்றவங்க கேக்குறாங்களேன்னு போட்டது."

"அந்த மூணு வீட்லயும் அலாரம் இருக்கா?"

"அவங்க வைக்கல. நான் என்ன கட்டாயப்படுத்தவா முடியும்?"

"இப்ப ஆள் இருக்காங்களா?"

"இருப்பாங்க. முதல் மாடியில ரெண்டு சின்னப் பசங்க, அம்மா. ரெண்டாவதுல வீட்லயே வேலை பாக்குறவரு. மேல ஒரு நர்ஸ் பொண்ணு, நைட் டூட்டி, இப்பத் தூங்கும்." அவர் ஒரு படி கிட்டே வந்து குரலை இன்னும் தாழ்த்தினார். "நீங்க இத எழுதிட்டுக் கிளம்புங்கம்மா. மத்தவங்ககிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். ஞாயித்துக்கிழமை ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து எல்லா வீட்டையும் பார்த்துடலாம். இப்பப் போய்க் கதவத் தட்டுனா பயந்து மொத்தமா காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. பால்கனிக்குப் போய், பிளாஸ்டிக் டப்பாவைக் காலால் தள்ளிவிட்டு, அந்த அலாரத்தை எடுத்தார். அவரைத் தாண்டி வெளியே வந்து படிக்கட்டின் நடுவே நின்று, அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, சோதனைப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினார். அலறல் நான்கு மாடிச் சுவரிலும் மோதித் திரும்பியது. உரிமையாளர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். அக்கா விரலை எடுக்கவில்லை. மேலே ஒரு தாழ்ப்பாள் விலகியது. கீழே இன்னொன்று.