முதுகெலும்பைப் பார்க்கப் போன நாள்

வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வரவேண்டும், அப்போதுதான் ஸ்கேனில் குழந்தை தெளிவாகத் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அந்த ஸ்கேனுக்கு நாங்கள் ஓசூரிலிருந்து பெங்களூர் போகவேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர், அதாவது தயாராகி வரும் உதிரி பாகங்களை அளந்து பார்த்து ஓகே போடுகிறவர். எதையும் முன்கூட்டியே முடித்துவிடுவது அவர் சுபாவம். வீட்டிலேயே சொம்பு சொம்பாகக் குடிக்க வைத்து என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்கும் என்பதை ஓசூரில் பச்சைக் குழந்தையும் சொல்லும். அவருக்கு மட்டும் அன்று மறந்துபோனது.

பஸ் நகரவே இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்க ஃபேக்டரி புத்தியத் தூக்கி அடுப்புல போடுங்க" என்றேன். இறங்கிப் போய்ச் சாலையோரத்து வீடு ஒன்றின் கதவைத் தட்டினோம். அந்த வீட்டு அம்மா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். கொல்லைப்பக்கம் வழிகாட்டினார். நான் திரும்பி வந்ததும் குடத்தைக் காட்டி, "போனத மறுபடியும் ரொப்பிக்கோம்மா" என்றார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. குடித்துவிட்டு வந்து பார்த்தால் பஸ் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். எங்கள் முதல் குழந்தை முதுகெலும்பு சரியாக மூடாமல் பிறந்து, சில நாட்களில் போய்விட்டது. இதற்கும் அப்படி இருந்தால் என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை.

ஸ்கேன் அறையில் டாக்டர், முதுகு நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில் சொன்னார். "இன்னொந்து சல நோடி சார்" என்று இவரும் கன்னடத்திலேயே கெஞ்ச, மறுபடி பார்த்தார். இவர் இன்னும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. தன்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டார்.

இவருக்குக் கன்னடம் மறந்துவிட்டது. "இருக்குதுங்க சார். போன கொழந்தைய, பொறக்கறதுக்கு முன்னால யாருமே பாக்கலீங்க."

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் விரலை வைத்து, கழுத்திலிருந்து கீழே வரை மெல்ல இழுத்துக் காட்டினார். "பாரு" என்று இவர் என் தோளைத் தட்டினார். படுத்ததிலிருந்து நான் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. திறந்தேன். சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், ஒன்று விடாமல், வரிசையாக இருந்தன.

"முழுசா இருக்குதுங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.