நானே குத்திய தேதிகள்

எழுபதுகளின் நடுவில் உத்திரமேரூர் கிளை நூலகத்தில் எனக்குச் சிறுவர் பகுதியைக் கொடுத்தார்கள். பகுதி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மர பீரோ, இரண்டு பாய், ஜன்னலோரம் உயரம் குறைந்த ஒரு பெஞ்சு. பள்ளிக்கூடம் விட்டதும் அந்த இடம் நிரம்பிவிடும். நான் மாகறலில் நிலம் உள்ள குடும்பத்துப் பெண். புத்தகம் அடுக்குவதெல்லாம் ஒரு வேலையா என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். சர்க்கார் உத்தியோகம் என்பதால் விட்டுவிட்டார்கள்.

எனக்கு அந்த வேலையைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. குழந்தைகளுக்காக எழுத வேண்டும். ஆறு வருடம் விடாமல் எழுதினேன். சிறுவர் பத்திரிகைகளில் நாலைந்து கதைகள் வந்தன. பிறகு காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகக்காரர் என் பன்னிரண்டு கதைகளைப் புத்தகமாகப் போட்டார். ஒவ்வொரு கதையிலும் ஒரு ராஜா இருப்பார். கடைசி வரியில் ஒரு நீதி இருக்கும். கெட்டி அட்டையில் என் பெயர் சிவப்பு எழுத்தில் இருந்தது. நூலகத்துக்கு ஒரு பிரதி வந்ததும் பீரோவின் நடுத்தட்டில், பிள்ளைகள் கண்ணில் நேராகப் படுகிற இடத்தில் வைத்தேன்.

அதே வருடம் அவளுடைய புத்தகமும் வந்தது.

காவாந்தண்டலத்தில் நூல் வழங்கும் நிலையம் ஒன்று இருந்தது. பஞ்சாயத்துக் கட்டிடத்தில் ஒரு அறை, மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் திறந்திருக்கும். அதைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டவள் அவள். மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து பழைய புத்தகக் கட்டைக் கொடுத்துவிட்டுப் புதுக் கட்டு எடுத்துப்போவாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அந்த வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியது அவள் மட்டும்தான்.

ஒருநாள் கட்டை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு மெல்லிய புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நானும் ஒண்ணு எளுதிக்கீறேன்."

சென்னையில் ஒரு பதிப்பகம் போட்டிருந்தது. கதைகள் எழுதிய நோட்டை அங்கே அனுப்பியதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை. நான் இரண்டு பக்கம் புரட்டினேன்.

"நல்லா இருக்கு. தமிழ்தான் கொஞ்சம் கொச்சையா இருக்கு."

"புள்ளைங்க அப்டித்தான மேடம் பேசுதுங்க" என்றாள். எதிர்த்துப் பேசுகிற குரல் இல்லை அது. உள்ளதைச் சொல்கிற குரல்.

அன்று மதிய இடைவேளைக்கு நூலகத்தை மூடிய பிறகு நின்றபடியே அதைப் படித்தேன். முதல் கதையில் ஓர் எருமை காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறிவிடுகிறது. கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று தெரியாமல் தவிக்கிறார். எருமையோ ஜன்னலோர சீட்டுத்தான் வேண்டும் என்கிறது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அடுத்த கதையைச் சிரிக்காமல் படித்தேன்.

நூலகத்துக்கு அந்தப் புத்தகத்தின் பிரதி வந்து ஒரு வாரத்துக்குள் பிள்ளைகள் அதற்காகச் சண்டை போட்டார்கள். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு சீட்டு ஒட்டியிருப்போம். எடுத்துப்போகிற நாளிலிருந்து பதினாலாவது நாள் திருப்பித் தர வேண்டும், அந்தத் தேதியைச் சீட்டில் முத்திரையாகக் குத்துவோம். அவளுடைய சீட்டு நிரம்பி, அதன்மேல் இன்னொன்றை ஒட்ட வேண்டியதாயிற்று. என் புத்தகத்தின் சீட்டில் இரண்டே தேதிகள் இருந்தன. அதிலும் ஒன்று என் அண்ணன் மகளுடையது. நான்தான் அவள் கையில் திணித்து அனுப்பியிருந்தேன்.

முதலில் அவள் புத்தகத்தை மேல்தட்டுக்கு மாற்றினேன். பிள்ளைகள் பெஞ்சை இழுத்துப்போட்டு ஏறி எடுத்தார்கள். பிறகு ஒருநாள் என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

"எரும புக்கு எங்க டீச்சர்?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

"யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றேன்.

அவள் மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். நாலாம் நாள் டிராயரைத் திறந்து கொடுத்தேன். அவள் நன்றி சொன்னதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் அதைச் செய்தேன். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, என் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, முத்திரையில் தேதியைத் திருப்பித் திருப்பிக் குத்தினேன். ஒன்றை நேராக, ஒன்றைச் சாய்வாக, ஒன்றை மை மங்கலாக. சீட்டு முழுக்க நிரம்பியது. வெட்கமாக இல்லை. யாரோ என் கதைகளைப் படித்துவிட்டதுபோல உண்மையிலேயே ஒரு நிம்மதி வந்தது.

இரண்டு மாதம் கழித்து மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி ஆய்வுக்கு வந்தார். பீரோவைத் திறந்து என் புத்தகத்தை எடுத்தவர் நேராகச் சீட்டைப் பார்த்தார்.

"பரவாயில்லையே, உங்க புக்கு இவ்வளவு போகுதா? ஆனா ஒரு அழுக்குப் படலையே. பசங்கள நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்க."

எல்லாக் கிளைகளுக்கும் ஒரு பிரதி வாங்கச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். அடுத்து அவள் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கினார். முதுகு பிய்ந்து, ஓரமெல்லாம் மடங்கி, மூன்று தாள் காணாமல் போயிருந்தது.

"இதையெல்லாம் ஏன் வெச்சிருக்கீங்க? கழிச்சிடுங்க."

இதைத்தான் சார் பிள்ளைகள் அதிகம் படிக்கிறார்கள், வேறு பிரதி வாங்கித் தாருங்கள் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. கழிவுப் பட்டியலில் 'மிகவும் சிதைந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் அவள் வந்தபோது மூலையில் சணல் கயிறு கட்டிய கழிவுக் கட்டு கிடந்தது. மேலே இருந்தது அவளுடையது. குனிந்து உருவி எடுத்தாள்.

"இது என்னுதா மேடம்?"

"ரொம்பக் கிழிஞ்சிருச்சு. மேலிடத்துல கழிக்கச் சொல்லிட்டாங்க."

வருத்தப்படுவாள் என்று பார்த்தேன். பட வேண்டும் என்றும் விரும்பினேன். அவளோ பக்கம் பக்கமாகப் புரட்டி, "அய்ய, இன்னாமா கிளிச்சி வெச்சிக்கீதுங்க! இங்க பாருங்க மேடம், குளம்பு ஊத்திக்கீது" என்று சிரித்துக்கொண்டே அதைத் திரும்பக் கட்டின்மேல் வைத்தாள். அதற்குள் இரண்டு பிள்ளைகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாதம் ஒருநாள் வருகிறவளுக்கு அது நடக்கும். தினமும் அங்கேயே இருக்கிற என் புடவையை யாரும் பிடித்ததில்லை.

அதிகாரி கிளைகளுக்கெல்லாம் வாங்கச் சொன்ன என் புத்தகத்தைத் தன் நிலையத்துக்கும் கேட்டாள். புதுப் பிரதிகள் இன்னும் வந்திருக்கவில்லை. அதனால் பீரோவில் இருந்ததையே எடுத்துக் கொடுத்தேன். எந்தப் புத்தகத்தை வாங்கினாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திறப்பது எங்கள் தொழில் வழக்கம். அவள் விரல் சீட்டின் மேல் இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

"மேடம், இது பெரிய வெள்ளிக்கிழமை."

எனக்குப் புரியவில்லை.

"இந்தத் தேதி. அன்னிக்கு நாங்க நாள் முச்சூடும் சர்ச்சிலதான் இருந்தோம். பதினாலு நாளுக்கு முன்னயும் வெள்ளிக்கிழமதான வரும்? வெள்ளிக்கிழம நமக்கு லீவாச்சே. யாரு வந்து எடுத்துக்கினு போனாங்க?"

"முத்திரையில தேதி நகர்ந்திருக்கும்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சீட்டில் அதற்குக் கீழே இருந்த தேதிகளையும் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடினாள்.

"ஆமா மேடம். அந்த முத்திரை அப்டித்தான், பேஜார் புடிச்சது" என்று சொல்லி அதைத் தன் புத்தகக் கட்டுக்குள் வைத்துக் கட்டினாள்.

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருந்தால் நான் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் இடம் கொடுக்காமல் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் கழிவுக் கட்டிலிருந்து அவள் புத்தகத்தை எடுத்தேன். மைதாப் பசை காய்ச்சி, முதுகில் துணி ஒட்டி, தைத்தேன். காணாமல் போன மூன்று தாள்களை, அவள் எனக்குத் தந்த பிரதியைப் பார்த்துக் கையால் எழுதிச் சேர்த்தேன். என் பிரதியையே பீரோவில் வைத்திருக்கலாம். முதல் பக்கத்தில் 'மேடத்துக்கு அன்புடன்' என்று எழுதியிருந்தாள், அதைக் கொடுக்க மனம் வரவில்லை. எழுதும்போது ஓரிடத்திலாவது ஒரு சொல்லை மாற்றத் தோன்றுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தோன்றவில்லை. கணக்கில் இல்லாத புத்தகமாக அது மறுபடி பீரோவுக்குப் போயிற்று.

நான் மனம் மாறிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். சில மாதங்கள் கழித்து, "உங்க புக்கு எங்க ஊர்ல ஒருதரம்தான் போச்சு மேடம். ஆனா அந்தத் தூக்கத்துல உளற்ற ராஜா கீறாரே, அவருக்கு நல்லா சிரிச்சாங்க" என்று அவள் நல்ல எண்ணத்தோடு சொன்னபோது, இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உளறும் ராஜா எனக்கே பிடிக்காத கதை. அதிகாரியிடம் சீட்டைப் பற்றி நான் சொல்லவே இல்லை. எல்லாக் கிளைகளிலும் என் புத்தகம் மெருகு கலையாமல் நின்றது.

எழுதுவதை நான் விடவில்லை. நீதியை விட்டேன், பிறகு ராஜாக்களையும் விட்டேன். எண்பதுகள் முடிவதற்குள் ஒன்பது புத்தகங்கள் வந்துவிட்டன. சிலவற்றைப் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துப்போனார்கள். அவள் மொத்தம் எழுதியது இரண்டு. ஒன்பதுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைப் பல ராத்திரிகள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தூக்கம் வந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் அவளுக்கு வேலை நிரந்தரமாகி, தெற்கே வேறு மாவட்டத்துக்கு மாற்றலாயிற்று. வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எனக்கு முன்பே பத்துப் பதினைந்து பிள்ளைகள் அங்கே நின்றிருந்தார்கள். டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எளுதிக்கினே இருங்க மேடம். நிறுத்திடாதீங்க."

பஸ் நகர்ந்தது. பிள்ளைகள் கொஞ்ச தூரம் பின்னால் ஓடிப்போய், மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள். ஒருத்தி என்னிடம் கேட்டாள், "அந்த அக்கா திரும்ப எப்ப டீச்சர் வரும்?"

"இனிமே வராது" என்றேன்.

அதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தள்ளிப்போய் மற்றப் பிள்ளைகளோடு நின்றுகொண்டாள்.